வெறுங்கையும் வேல் பிடித்த கையும்

நவராத்திரிக்குக் கொலுப் பார்க்கப் போகிறவர்கள் பொம்மைகளின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். "மீனாட்சிக்கு மூக்கு எவ்வளவு லட்சணம்!" என்பாள் மாமி. "செட்டியார் தொந்தியைப் பாருங்கள்!" என்று குழந்தை சிரிக்கும். கைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அடுத்த தடவை முகங்களை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் பார்க்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். செட்டியாரின் கை தொடையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கிருஷ்ணனுடைய விரல்கள் புல்லாங்குழலோடு சேர்ந்து ஒரே கட்டியாயிருக்கும். அணிவகுப்பில் நிற்கும் சிப்பாயின் கை துப்பாக்கிக்குள் மறைந்து போயிருக்கும். ஐந்து விரலும் பிரிந்து நீட்டிய கையை உடைய பொம்மை அகப்பட்டால் அது அபூர்வந்தான். அதிலும் ஒரு விரல் ஒடிந்திருப்பதற்கே இடம் அதிகம்.

இதைப் பொம்மை செய்தவருடைய சோம்பேறித்தனம் என்று எண்ணிவிடக் கூடாது. மண்ணின் குணம் தெரிந்தவர் செய்கிற காரியம் அது. சின்ன உருவத்துக்குக் கை செய்வது எவ்வளவு கடினம் என்பதையும், அந்தக் கடினத்தை எப்படி வெல்லலாம் என்பதையுமே இந்த வாரம் எடுத்துக்கொள்கிறோம். விளையாட்டுக் காரியம் போலத் தோன்றும். ஆனால் கை செய்யத் தெரிந்த கைகள் நம் நாட்டில் குறைந்துகொண்டு வருகின்றன என்பதை நினைத்தால் விஷயம் அவ்வளவு விளையாட்டல்ல என்பது விளங்கும்.

இதைச் சொல்லத் தேனிச் சீமையைவிடப் பொருத்தமான இடம் நமக்குத் தோன்றவில்லை. பழைய மதுரை ஜில்லாவிலிருந்து 1996-ல் தனி ஜில்லாவாகப் பிரிந்த பிரதேசம் அது. மேற்கே மலைத் தொடர்; நடுவே முல்லையாறு. 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கை நனைத்துக்கொண்டு போகிறது. அந்த ஆற்றங்கரையிலே வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயில் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவின்போது ஜனங்கள் அக்கினிச் சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஏந்தி வருவார்கள். அத்தனை சட்டிகளும் பானைகளும் சக்கரத்தில் சுழன்று, விரல் பட்டு உருவானவை. பாண்டி நாட்டிலே குயவருக்கு வேளார் என்று பெயர். பானை செய்வதோடு அவர்கள் வேலை முடிவதில்லை. ஐயனாருக்குக் குதிரை செய்கிறவர்களும் அவர்களே. பல கிராமக் கோயில்களில் பூசை செய்கிறவர்களும் அவர்களே.

மண் உருவத்தில் கை எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். களிமண் காயும்போது சுருங்கும். விரல் மெல்லியது, சீக்கிரம் காய்ந்துவிடும்; உள்ளங்கை தடிப்பு, மெதுவாகக் காயும். ஒன்று சுருங்கி முடிந்து மற்றொன்று சுருங்காமலிருந்தால் இரண்டும் சேருகிற இடத்தில் வெடிப்பு விழும். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே தேனிப் பக்கம் வீசுகிற காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றில் விரலை மூடாமல் வைத்தால் பொழுது சாய்வதற்குள் விரல் தனி, கை தனி என்று ஆகிவிடும். ஆகையால் ஈரத் துணி போர்த்தி மெதுவாக உலர்த்த வேண்டும். பிறகு சூளை இருக்கிறது. மண்ணுக்குள் ஈரம் மிச்சமிருந்தால் அது ஆவியாகி உருவத்தை வெடிக்கச் செய்யும். இந்த ஆபத்துக்களையெல்லாம் அறிந்த கைவினைஞர் கையைத் தனியே நீட்டி விடுவதில்லை. இடுப்பில் ஊன்றச் செய்வார், முழங்காலில் வைப்பார், மார்போடு அணைப்பார். ஆயுதம் ஏந்த வேண்டிய காவல் தெய்வமானால் முஷ்டியை மட்டும் மண்ணால் செய்து நடுவில் துளை விட்டுவிடுவதும் உண்டு. அரிவாளோ வேலோ இரும்பில் வேறாக வந்து அந்தத் துளையில் நிற்கும். மண்ணுக்கு மண்ணின் வேலை, இரும்புக்கு இரும்பின் வேலை என்று பிரித்துக் கொடுத்த புத்தியை மெச்சாமல் இருக்க முடியுமா?

இன்னொன்றும் உண்டு. மாரியம்மன் கோயில்கள் பலவற்றில் கை கால் நோய் தீர்ந்தவர்கள் மண்ணால் கை, மண்ணால் கால் செய்து காணிக்கை செலுத்துவார்கள். அங்கே உடம்பும் இல்லை, முகமும் இல்லை. வெறும் கை மாத்திரம். நோய் தீர்ந்த கை அது என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும். முகத்தின் துணையில்லாமல் கை தானாகவே பேச வேண்டிய இடம் அது.

இந்த அறிவெல்லாம் இன்று அச்சுக்குள் அடங்கிவிட்டது. மதுரைக்கு அருகே திருப்பரங்குன்றத்தையடுத்த விளாச்சேரியில் கொலுப் பொம்மைகளும், கிறிஸ்துமஸ் குடிலுக்கு வேண்டிய உருவங்களும் ஏராளமாகச் செய்கிறார்கள். அங்கும், பொம்மை செய்யும் மற்ற ஊர்களிலும், இரண்டு பாதி அச்சில் மண்ணையோ காகிதக் கூழையோ அமுக்கி எடுப்பது வழக்கம். அச்சைக் குறை சொல்லவில்லை. அச்சில்லாவிட்டால் ஏழை வீட்டுக் கொலுவில் பொம்மை ஏது? ஆனால் அந்த அச்சுக்கும் மூல உருவம் ஒன்று வேண்டும். மூல உருவத்தின் கையை ஒருவர் தம் கையால் செய்தாக வேண்டும். அவருக்குப் பிறகு யார் என்பதுதான் கேள்வி. 2024-ல் தமிழ்நாட்டு சர்க்கார் ஏரி, கண்மாய்களிலிருந்து மண்பாண்டத் தொழிலுக்கும் விவசாயத்துக்கும் வேண்டிய மண்ணைக் கட்டணமின்றி எடுக்கத் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று விதியை எளிதாக்கினார்கள். நல்ல காரியம். மண் கிடைத்துவிடும், அதைப் பிசைய விரும்பும் பிள்ளைகள் கிடைக்க வேண்டுமே!

அந்தப் பிள்ளைகளுக்கு ஆசை மூட்டக்கூடிய விளையாட்டு ஒன்று இருக்கிறது. மேல்நாட்டிலிருந்து வந்தது, ஆனாலும் நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. சதுரங்கம் பிறந்த நாடல்லவா நம்முடையது? மேஜைமேல் மலை, ஆறு, ஊர் எல்லாம் அமைத்து, சிறு சிறு வீரர்களை இரண்டு பக்கமும் நிறுத்தி, பகடை உருட்டி, விதிப்படி படை நடத்துகிற விளையாட்டு அது. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் ராணுவ அதிகாரி 1824-ல் இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு விதிகளை வெளியிட்டார். அது சேனாதிபதிகளுக்குப் பயிற்சி. 1893-ல் லண்டனில் பிரிட்டன் என்ற கம்பெனியார், உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி, ஓரத்தில் உறைந்ததுபோக மிச்சத்தைக் கொட்டிவிட்டு, உள்ளே பொள்ளலான சிப்பாய்களைச் செய்யத் தொடங்கினார்கள். விலை குறைந்தது, குழந்தைகள் கைக்குப் பட்டாளம் வந்தது. அந்தச் சிப்பாய்களில் பலருக்குக் கையைத் தனியே வார்த்துத் தோளில் பொருத்தினார்கள் என்பது நம் விஷயத்துக்கு முக்கியம். கைதான் தொல்லை என்பதை அவர்களும் கண்டுகொண்டிருந்தார்கள். நம் தேசத்துக் குதிரைப் பட்டாளங்களையும் அவர்கள் ஈயத்தில் வார்த்தார்கள். பிரிட்டிஷ் ராஜ்யத்துக்குச் சண்டை போடுகிற சிப்பாய்களாகத்தான்.

எச். ஜி. வெல்ஸ் என்ற பிரசித்தி பெற்ற ஆசிரியர் 1913-ல் இந்த விளையாட்டைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பொம்மை யுத்தம் ஆடிப் பார்த்தவனுக்கு நிஜ யுத்தம் எவ்வளவு அறிவற்ற காரியம் என்பது விளங்கிவிடும் என்பது அவர் கட்சி. மறு வருஷமே உலக மகாயுத்தம் மூண்டது. காந்தி பிறந்த நாட்டில் குழந்தைகள் போர் விளையாடலாமா என்று கேட்கும் பெரியவர்களுக்கு வெல்ஸின் பதிலே போதும் என்று நாம் சொல்லவில்லை. அவர்களுக்குரிய பதில் இந்தக் கட்டுரையின் கடைசியில் இருக்கிறது.

இன்று அந்த ஆட்டத்துக்கு வழக்கமான வீரன் ஒருவனுடைய உயரம் சுமார் 28 மில்லிமீட்டர். நம் சிற்ப சாஸ்திரத்தில் உருவத்தை அளக்கும் அளவுக்குத் தாளம் என்று பெயர். முகத்தின் நீளம் ஒரு தாளம். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை உள்ள நீளமும் அதுவே. நேயர்கள் மோவாயில் மணிக்கட்டை வைத்து முகத்தைக் கையால் மூடிப் பார்த்தால் உண்மை தெரியும். ஒன்பது தாள உருவத்தில் கை ஒன்பதில் ஒரு பங்கு. அப்படியானால் 28 மில்லிமீட்டர் வீரனுக்குக் கை மூன்று மில்லிமீட்டர். அரிசியில் பாதி! அந்தப் பாதி அரிசியில் ஐந்து விரல் செய்ய வேண்டும். கொஞ்சம் பெரிதாகச் செய்தாலும் பாதகமில்லை. தூரத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அது சரியாகவே தெரியும், ஒடியவும் ஒடியாது.

இதற்குக் களிமண் உதவாது. ஒருவகை மக்கு வேண்டும். மக்கு என்றவுடன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஞாபகம் யாருக்கும் வர வேண்டாம். குழாய் ஒழுகினால் அடைப்பதற்கு எம்-சீல் என்று வாங்குகிறோமே, அந்த இனத்தைச் சேர்ந்தது. இரண்டு கட்டிகளைச் சம அளவு எடுத்துப் பிசைந்தால் சிறிது நேரம் மெழுகு போல வளைந்துகொடுக்கும். பிறகு கல்லாய் இறுகிவிடும். சூளை வேண்டாம், சுருக்கமும் இல்லையென்றே சொல்லலாம். மேல்நாட்டார் நீலமும் மஞ்சளுமான இரண்டு பட்டைகளைப் பிசைந்து பச்சையாக்கி வேலை செய்கிறார்கள். சித்திர வேலைக்கென்று நம் கடைகளில் மோல்டிட் என்ற பெயரில் விற்பதும் இதற்கு ஏற்றதே. இறுகாத மக்கு சிலருடைய தோலில் அரிப்பு உண்டாக்கும். ஆகையால் மெல்லிய கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் உட்கார வேண்டும். சிறு குழந்தைகள் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். பழைய ஈயச் சிப்பாய்கள் வீட்டில் இருந்தால் அவற்றை விளையாடக் கொடுக்கவே கூடாது, ஈயம் விஷம்.

இனிச் செய்முறை. முதலில் மெல்லிய கம்பியால் உடம்பும் கையும் வளைத்து, மக்கு பூசி, ஒரு நாள் இறுக விட வேண்டும். மணிக்கட்டில் கம்பி சிறிது நீட்டிக்கொண்டிருக்கட்டும். அடிப்பாகம் இறுகாமல் கை செய்யத் தொடங்கினால், கையைத் திருத்தும்போது தோள் கோணிப் போகும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஒத்து வராது.

மறுநாள் ஒரு கடுகளவு மக்கை எடுத்துக் கம்பி நுனியில் வைத்து, அகப்பை போலத் தட்டையாக்க வேண்டும். விரல் விரலாக உருட்டி ஒட்டப் பார்க்கிறவர்கள் தோற்றுப் போவார்கள். முதலில் முழுக் கை, பிறகுதான் விரல். புறங்கைப் பக்கம் பார்த்தால் கை பாதி, விரல் பாதி. அந்தப் பாதி வரையில் மெல்லிய அலகால் மூன்று கோடு அழுத்தினால் நான்கு விரல் பிறந்துவிடும். அலகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் மக்கு ஒட்டாது. நடுவிரல் நீளம், சுண்டு விரல் குட்டை. விரல் நுனிகள் நேர்கோட்டில் நின்றால் அது கையல்ல, சீப்பு. கட்டை விரல் மட்டும் தனி. அதற்கு இன்னும் சிறிய துணுக்கு ஒன்றை மணிக்கட்டின் பக்கத்திலிருந்து தொடங்கி ஒட்ட வேண்டும். உள்ளங்கையின் ஓரத்தில் நடுவே ஒட்டினால் நண்டின் கொடுக்குப் போலிருக்கும். நகம் வேண்டாம், ரேகையும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாததைச் செய்யப் போய்த் தெரிவதைக் கெடுத்துக்கொள்ளலாகாது.

வேல் பிடித்த கைக்கு வேறு முறை. முதலில் வேல், பிறகு கை. ஊசியோ பித்தளைக் கம்பியோ எடுத்து உள்ளங்கையில் குறுக்காக அல்ல, சற்றுச் சாய்வாக வைக்க வேண்டும். நாம் ஒரு கம்பைப் பிடித்துப் பார்த்தால் அது ஆட்காட்டி விரலின் அடியிலிருந்து உள்ளங்கையின் கீழ் ஓரத்துக்குச் சாய்ந்து போவது தெரியும். அதன்மேல் நான்கு மெல்லிய துணுக்குகளைச் சுற்ற வேண்டும். கணுக்கள் வில் போல் வளைந்து வரட்டும். கட்டை விரல் மற்ற விரல்களின்மேல் படியட்டும். அதன் பிறகே பிடி பிடியாகத் தோன்றும். பின்னால் வேலைக் கழற்ற வேண்டுமானால் கம்பியில் சிறிது எண்ணெய் தடவிக்கொள்ளலாம். மற்றொரு யுக்தி: இரண்டு கைகளையும் ஒரே சமயத்தில் செய்ய வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றைச் செய்கிறவர்கள் வீரனுக்கு இரண்டு வலக்கை வைத்துவிடுவது சகஜம். சந்தேகம் வந்தால் புத்தகத்தைத் தேட வேண்டாம். மாதிரி இரண்டு மணிக்கட்டுகளிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சரி, யாரைச் செய்வது? லண்டன் கம்பெனியார் வார்த்த பட்டாளத்தையா? நம் சீமையிலேயே பெரிய கதை கிடக்கிறது. ஆண்டிபட்டித் தாலூகாவில் வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். பழைய தமிழ் எழுத்துப் பொறித்த அந்தக் கற்கள் கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய காலத்தவை என்று ஆராய்ச்சியாளர் மதிக்கிறார்கள். அவற்றில் ஒன்று கூடலூர் என்ற பெயரையும், ஆகோள் என்ற சொல்லையும், இறந்துபோன ஒருவனுடைய பெயரையும் சொல்கிறது. ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். கம்பத்துக்கு அப்பால், குமுளி போகும் வழியில், இன்றும் ஒரு கூடலூர் இருக்கிறது.

அந்தக் கல்லிலே எழுத்து உண்டு, உருவம் இல்லை. பல நூற்றாண்டு கழித்து, செங்கம் பக்கத்திலே பல்லவர் காலத்தில் நட்ட கற்களில்தான் வில்லும் வாளும் ஏந்திய வீரர்களைப் பார்க்கிறோம். புலிமான்கோம்பை வீரனுக்கு முகம் எப்படி, கை எப்படி என்று யாரும் செதுக்கி வைக்கவில்லை. அந்தக் கையை நம் வீட்டுப் பிள்ளைகள் செய்யட்டுமே! ஒரு மேஜையில் முல்லையாறும் மலையடிவாரமும் அமைக்கலாம். ஒரு பக்கம் ஆநிரை கவர வந்த வெட்சியார் பத்துப் பேர், மறுபக்கம் மீட்க வந்த கரந்தையார் பத்துப் பேர், நடுவே மாடுகள். யார் எத்தனை மாட்டை ஆற்றுக்கு அப்பால் ஓட்டிப் போகிறார்கள் என்பதே ஆட்டம். தோற்றவன் நடுகல் ஒன்று செய்து மேஜையில் நட வேண்டும். இப்படி ஆடுகிற பிள்ளை தமிழ் இலக்கணத்தில் புறத்திணையைப் படிக்கும்போது தூங்க மாட்டான்.

"படிக்கிற பிள்ளைக்கு மண்ணும் மக்கும் எதற்கு?" என்று பாட்டி கேட்கலாம். ஒரு கை செய்து பார்த்த பிள்ளை, குயவர் வீட்டு வாசலில் நின்று அவர் விரல்களைப் பார்ப்பதே வேறு விதமாக இருக்கும். பொம்மைக் கடையிலே ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் பேரம் பேசவும் நா எழாது. அச்சில் வார்த்த கை எது, அழுத்திச் செய்த கை எது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்து வாங்குகிறவர்கள் இருந்தால்தான் தெரிந்து செய்கிறவர்களும் இருப்பார்கள். விளாச்சேரியிலும் தேனிச் சீமையிலும் மண் பிசைகிற குடும்பங்களுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி இதுவே என்பது நம் அபிப்பிராயம்.

இனி, போர் விளையாடலாமா என்று கேட்ட பெரியவர்களுக்குப் பதில். இருபது வீரர்களுக்கும் வேல் பிடித்த கை செய்வது, பழகிவிட்டால், அவ்வளவு கடினமல்ல. மூடிய பிடியில் உள்ளங்கை மறைந்துவிடும். விரலின் பாதி மறைந்துவிடும். செய்தவனுடைய பிழையும் சேர்ந்து மறைந்துவிடும். மாடுகளுக்குப் பின்னால் இடையன் ஒருவன் நிற்க வேண்டும் அல்லவா? அவனிடம் ஆயுதமில்லை. வெறுங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அந்தத் திறந்த கையில் ஒளிக்க இடமில்லை. ஐந்து விரலும் தெரிய வேண்டும். உள்ளங்கையின் குழிவு தெரிய வேண்டும். அடிக்கிற கையா, தடுக்கிற கையா, கேட்கிற கையா என்பதும் தெரிய வேண்டும். மேஜைமேல் இருக்கும் உருவங்களிலெல்லாம் மிகவும் கடினமானது அதுவே. ஆகையால் நம் யோசனை இது: இடையனைக் கடைசியாகச் செய்யுங்கள். அவன் கை சரியாக வருகிறவரையில் ஆட்டத்தைத் தொடங்க வேண்டாம்.